பெருவிரலளவு

சம்மாந்துறையில் ஓர் அரிசி ஆலை.
உமிக் குவியலுக்கும் உடைந்த ட்ரெய்லருக்கும் நடுவில்
தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது.
ஜௌபர் ஒரு மூலையைப் பிடித்து இழுத்தார்.
முதலில் தூசு. பிறகு என் தும்மல். பிறகு
சிவப்பு.

எண்பத்தெட்டாம் ஆண்டு எம்.ஆர்.டூ.
என் இடுப்புக்குச் சற்று மேலேதான் உயரம்.
பதினொரு வருடம் படங்களில் மட்டுமே தடவிய முதுகு.

"மிஸ்ஸுட வூட்டுக்காரர் வரல்லியா?"
"அவருக்கு வேன்தான் விருப்பம்."

முன் பொனட்டைத் திறந்தார்.
மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த நாலு பேர் எட்டிப் பார்த்தார்கள்.
உள்ளே ஒரு ஸ்பேர் வீல், ஒரு சாக்கு.
"அல்லாஹ், எஞ்சினக் கழட்டி வித்துட்டானுகள்!"
ஒருவன் நெஞ்சில் கை வைத்தான்.
என்னோடு கல்லாற்றிலிருந்து வந்த பேரின்பம் பாஸ்
சிரிக்கவில்லை. நேரே பின்னால் போய்
இருக்கைகளின் முதுகுக்கு அப்பால் இருந்த மூடியைத் தூக்கினார்.
பதினாறு வால்வும் அங்கே
குறுக்காகப் படுத்திருந்தன.

கைக்குட்டையில் சுற்றிய காந்தத்தை எடுத்தேன்.
கல்முனை ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பது என் வேலை;
தோலை நம்பிச் சம்பளம் வாங்குகிறவள் இல்லை.
கதவில் ஒட்டியது. கூரையில் ஒட்டியது.
இடது பின்வளைவில் வழுக்கி விழுந்தது:
பட்டி, ஒரு விரற்கடைத் தடிப்பில்.
கதவுக்குக் கீழே ஸ்குரூட்ரைவரால் தட்டினேன்,
பப்படமாய் உதிர்ந்தது. கடற்காற்று
இத்தனை மைல் உள்ளே வந்தும் தின்றுவிட்டுப் போயிருக்கிறது.
எண்ணெய் மூடியின் அடியில் பால் தேத்தண்ணி நிறம் இல்லை. நல்லது.
காற்று வடிகட்டியில் ஒரு கைப்பிடி உமி. பரவாயில்லை.

"காக்கா கட்டாருக்குப் போய் ஆறு வருஷம்" என்றார் ஜௌபர்.
"மீட்டரப் பாருங்க மிஸ். எண்பத்திரண்டாயிரம். பச்சப் புள்ள."

சாரதிக் கதவைத் திறந்தேன்.
தூணில் ஒரு மங்கிய ஸ்டிக்கர்,
எண்ணெய் மாற்றிய நாள் குறித்தது.
ஜப்பான் எழுத்தென்று இவ்வளவு காலமும்
எவரும் உற்றுப் பார்க்காதது.
நான் நைட் டியூட்டியில் விழித்திருந்து படித்தவள்.
ஹெய்செய் ஒன்பது: தொண்ணூற்றேழு.
அதன் கீழே, ஓடிய தூரம்:
ஒரு லட்சத்துப் பதினாலாயிரம்.

முப்பத்திரண்டாயிரம் கிலோமீற்றரை
யாரோ, எங்கேயோ, பின்னோக்கிச் சுற்றி
இல்லையென்று ஆக்கியிருக்கிறார்கள்.
வாயைத் திறந்தால் விலை இன்னும் விழும்.
வாயைத் திறந்தால் பேரின்பம் பாஸ்
கையைத் துடைத்துக்கொண்டு
"வாங்க மிஸ், பஸ்சில போவம்" என்பார்.
மீட்டர் திருப்பிய வாகனத்தில் அவர் கை வைக்கமாட்டார்,
ஊரறிந்த கதை.

பெருவிரலை ஸ்டிக்கரின் மேல் வைத்தேன்.
சரியாக மூடியது.

முப்பத்தொரு லட்சம் கேட்டார்.
பட்டியையும் துருவையும் மட்டும் காட்டி
இருபத்தெட்டரைக்கு இறக்கினேன்:
மூன்று சீட்டு, ஒரு லோன், இரண்டு காப்பு.

மாவடிப்பள்ளியில் பொழுது பட்டது.
இரு பக்கமும் தண்ணீர். விளக்கைப் போட்டேன்.
ஒற்றைக் கண் எழும்பியது,
மற்றது தூக்கத்திலேயே கிடந்தது.
மாடுகள் ஒற்றைக்கண்ணனை மதிக்கவில்லை;
அவை போன பிறகு
மூன்றாம் கியரில் ஒரு நீட்டு நீட்டினேன்.
முதுகுக்குப் பின்னால் யாரோ சீலை கிழிக்கிற சத்தம்.
விலா எலும்பு பன்னிரண்டு சோடியும்
ஒவ்வொன்றாய் எனக்குத் தெரிந்தன.
அழிந்த அந்த முப்பத்திரண்டாயிரம்
எந்த மலைப்பாதையில், எந்த மழையில்,
யாருடைய இடுப்பு வலியில் போயிருக்கும்?
மீட்டர் வெட்கமில்லாமல்
ஒன்று கூட்டிக்கொண்டது.

காரைதீவுச் சந்தி வரைக்கும் பாஸ் பேசவில்லை.
பஸ் ஒன்றுக்காக நிறுத்தினபோது
கண்ணாடியை இறக்கியபடி சொன்னார்:
"அந்த ஸ்டிக்கர நானும் பாத்தன், மிஸ்."

"பிறகேன் சொல்லல்ல?"

பஸ் போய் முடிகிற வரைக்கும் வெளியே பார்த்தார்.

"கல்முனை தாண்டினாப் பிறகு
கொஞ்சம் எனக்கும் தாங்க."