தவறான விடைகள்

பதிவு செய்ய வருபவர்களுக்கு
ஒரு கேள்வி வைத்திருந்தேன்,
இயந்திரங்கள் நுழையாமலிருக்க:

குறுவை அறுத்த வயலில் அடுத்தது என்ன?

தாளடி என்று அடித்தால் உள்ளே.
வேறெது அடித்தாலும்
‘விடை தவறு. மீண்டும் முயலவும்.’

திருத்துறைப்பூண்டியில், உரக்கடை மாடியில்,
கரண்ட் இருந்த ஒரு ராத்திரி எழுதியது.
பதினோரு வருடம்
வீட்டு நாய் மாதிரி வாசலில் கிடந்தது.

உள்ளே ஆயிரத்து நானூறு பேர்.
தன் வயலுக்குத் தண்ணீர் ஏறியதா என்று
மஸ்கட்டிலிருந்து ஒருவர் கேட்பார்.
பக்கத்து வயல்காரர்
ஷார்ஜாவிலிருந்து பதில் சொல்வார்.

‘வெட்டாறு’ என்றொருவர். நிஜத்தில்
தட்சிணாமூர்த்தி, கூட்டுறவு வங்கிக் காசாளர்.
‘கோரையாறு’, முத்துப்பேட்டை நெய்னா முகமது.
மூணாறு தலைப்பில் ஒரு ஆடி மாத இரவு
எத்தனை ஷட்டர் திறந்தார்கள் என்று
நூற்றெண்பது பக்கம் சண்டை.
மட்டுறுத்துநர் நான்.
மாறி மாறி மூன்று நாள் தடை போடுவேன்.
தடையில் இருப்பவர் தனிமடலில் கேட்பார்:
அந்த ஆளுக்கு முதுகுவலி தேவலையா?

பிறகு எல்லோர் கையிலும் போன்.
சாதிக்கு ஒரு குழு, வாய்க்காலுக்கு ஒரு குழு,
அதே வாய்க்காலின் தென்கரைக்குத் தனியாக.
தண்ணி வந்துச்சா? கட்டைவிரல்.
வரலையா? அதற்கும் கட்டைவிரல்.

எங்கள் இழைகளில்
நெய்னா முகமது எழுதியது கடைசி:
‘வெட்டாறு, எங்கே ஆளைக் காணோம்?
ரெண்டு ஷட்டர்தான். சரி, ஒத்துக்கொள்கிறேன்.’
கீழே ஒன்றுமில்லை.

போன வருடம் இயந்திரங்கள்
தாளடி என்று அடிக்கக் கற்றுக்கொண்டன.
ஒரே ராத்திரியில் அறுநூறு உறுப்பினர்கள்.
எல்லோரும் கடன் தருவதாகச் சொன்னார்கள்.

அவர்களை அழித்துக்கொண்டிருந்தபோதுதான்
அந்தப் பட்டியல் கண்ணில் பட்டது.
வாசலில் திருப்பி அனுப்பப்பட்ட விடைகள்.
தானாகச் சேர்ந்துகொண்டே இருந்திருக்கிறது.
நான் ஒருநாளும் திறந்ததில்லை.

உளுந்து.
எங்க பக்கம் உளுந்துதாங்க.
பருத்தி.
குறுவையே இல்லை, அப்புறம் என்ன அடுத்தது.
ஆங்கில எழுத்தில் தாளடி, பதினேழு பேர்.
இறால் குட்டை.
தண்ணீர் வந்தால் சொல்கிறேன்.
பிளாட்.
வித்தாச்சு சார்.
அண்ணனைக் கேட்டுச் சொல்லவா
(இது ஒரே ஆள், நாலு நாள், நாலு தடவை).

அத்தனை பேருக்கும்
என் பெயரில் ஒரே பதில் போயிருக்கிறது.

ஆட்கள் போய்விட்டார்கள் என்றுதான்
இத்தனை நாள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

தளத்துக்குப் பணம் கட்ட ஒன்பது நாள் இருந்தது.
மூன்று மணி வரை உட்கார்ந்து
உளுந்தைச் சரியென்று மாற்றினேன்.
பருத்தியை, இறாலை, பிளாட்டை.
‘வித்தாச்சு சார்’, அந்த சாரோடு சேர்த்து.

விடிகாலையில் ஒரு புதுப் பெயர்.
வெறும் எண்கள். ஊர் போடவில்லை.
‘தண்ணி எங்க வந்திருக்கு?’

ஆளா இயந்திரமா, சொல்ல முடியாது.
முள்ளியாற்றுப் பாலம் வரை வண்டியில் போய்
பார்த்துவிட்டு வந்து எழுதினேன்:

இன்னும் வரவில்லை. மணல்தான் தெரிகிறது.
நீங்கள் எந்த ஊர்?