ஒற்றைக் குழாய்

தர்கான் நகரம், பதினேழாம் கட்டடம்.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
ஐந்தாம் மாடி பதம்ஹந்த்
காலையிலிருந்து மூன்றாம் முறை அழைக்கிறாள்:
"ரேடியேட்டர்மேல் வெண்ணெய் வைத்தேன்.
வைத்தபடியே இருக்கிறது."

பையைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறேன்.
முதல் சந்தேகம் காற்று.
உச்சிக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும் ஜாதி அது,
தண்ணீரை உள்ளே விடாது.
சாவியைக் கால் சுற்று திருப்புகிறேன்.
உஸ்ஸென்று கொஞ்ச நேரம்,
பிறகு இருமல்,
பிறகு கறுப்பாய் ஒரு பீச்சல் என் முழங்கையில்.
அக்டோபரில் நிரப்பிய அதே நீர்,
யாரும் குடிக்காமல், யாரும் குளிக்காமல்
சுற்றிச் சுற்றிக் கறுத்த நீர்.

காற்று போய்விட்டது. குளிர் போகவில்லை.

இந்தக் கட்டடத்துக்கு ஒற்றைக் குழாய்.
நிலவறையில் பம்பு தள்ளிவிட
ஒவ்வொரு வீடாய் நுழைந்து, வெளியேறி,
மேலே திரும்பி, பக்கத்து அறை வழியே இறங்கும்.
வெந்நீராய்ப் புறப்படுவது
போகப்போகத் தண்ணீராகும்.
பந்திக்கு முந்தியவருக்குச் சுடச்சுட,
பிந்தியவருக்கு ஆறிய மிச்சம்.
அதற்காகத்தான் ரேடியேட்டருக்குப் பக்கத்தில்
குட்டியாய் ஒரு பக்கக் குழாய் வைத்தார்கள்:
பாதி நீர் உள்ளே போகட்டும்,
பாதி எதையும் தொடாமல்
அடுத்த வீட்டுக்குப் போகட்டும் என்று.

குழாயைத் தொட்டுக்கொண்டே இறங்குகிறேன்.
நான்காம் மாடி, வெதுவெது.
இரண்டாம் மாடி, கை வைக்க முடியவில்லை.
எனவே மூன்றாம் மாடிக் கதவைத் தட்டினேன்.

சோய்ஜில்ஜாவ் பனியனோடு திறந்தார்,
நெற்றியில் வியர்வை.
பால்கனியைக் கண்ணாடியால் மூடி
அங்கே பதினெட்டுக் கணு ரேடியேட்டர்.
பக்கக் குழாயை அறுத்தெறிந்திருந்தார்.
ஜன்னலோரம் தயிர் டப்பாக்கள்,
ஒவ்வொன்றிலும் இரண்டிலைத் தக்காளி நாற்று.

"ஜனவரியிலா?"
"சீக்கிரந்தான், தெரியும்" என்றார்.
"கட்டணம் ஒழுங்காகக் கட்டுகிறேனே."
"கட்டுகிறீர்கள். சதுர மீட்டருக்கு.
கணுவுக்கு அல்ல."

வரிசைக் குழாயின் வால்வை மூடி
நீரை வடித்தேன். நாற்பது நிமிடம்.
அதற்குள் யாரோ கரண்டியால் குழாயைத் தட்டினார்கள்,
மேலே யாரோ பதில் தட்டினார்கள்,
ஐந்து மாடியும் ஒரே இரும்பில் திட்டின.
பத்துக் கணுவைக் கழற்றினேன்.
பக்கக் குழாயை மறுபடி திருகி
நூலிழை சுற்றி இறுக்கினேன்.
அவர் டார்ச் பிடித்தார்,
பிடித்தபடியே எட்டுக் கணு போதுமா என்று கேட்டார்.
உங்களுக்குப் போதும் என்றேன்.
நாற்றுகளைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

நீர் நிரப்பி, பம்பைப் போட்டு,
மறுபடி உச்சிக்கு ஏறி, மறுபடி சாவி, மறுபடி உஸ்.
பதம்ஹந்த் உள்ளங்கையை வைத்தாள்.
எடுக்கவில்லை.
"வெண்ணெயை எடுங்கள்" என்றேன்.

வியாழக்கிழமை போனபோது
இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே,
யாருக்கும் சொந்தமில்லாத படிக்கட்டு ரேடியேட்டர்மேல்
தயிர் டப்பாக்கள், பதினொன்று.
தள்ளாதீர்கள் என்று ஒரு சீட்டு.
விதியின்படி எடுக்கச் சொல்லவேண்டும்.
ஒன்றின் மண் காய்ந்திருந்தது,
பாட்டிலில் இருந்ததை ஊற்றினேன்.

நிலவறையில் மானி பார்த்தேன்:
போவது எண்பத்தாறு,
வருவது ஐம்பத்தொன்பது.
விரிவுத் தொட்டியைத் தட்டிப் பார்த்தேன்,
சூட்டில் பெருத்த நீருக்கு
ரப்பர் தோலுக்குப் பின்னே இன்னும் இடமிருக்கிறது.
திரும்பும் குழாய்மேல்தான்
என் பூஸ் கொழுக்கட்டை டப்பாவை வைப்பேன்.
மற்றதில் வைத்தால் அடி காய்ந்துவிடும்.
இன்னும் பத்து நிமிடம்.