புறம்போக்கு

முருகேஷ்பாளையம், மூன்றாம் மாடி.
தண்ணீர் லாரி இன்றும் வரவில்லை.
நேற்றைய பக்கெட்டில் முகம் கழுவிவிட்டு
மடிக்கணினியைத் திறக்கிறேன்.
அறுநூறு கிலோமீட்டர் உயரத்திலிருந்து
மண்ணின் ஈரத்தைத் தொட்டுப் பார்க்கும் என் கருவிக்கு
ஓர் எச்சரிக்கை:
யாரோ கைவிட்ட ராக்கெட்டின் துண்டு,
டிபன் பாக்ஸ் மூடி அளவு,
குறுக்கே வருகிறது.

விலகினால் நாற்பது கிராம் எரிபொருள்.
அதாவது ஒன்பது நாள் ஆயுள்.

யாருடைய குப்பை என்று கேட்டேன்.
"பதிவேட்டில் பேர் இல்லை" என்றார் சுமுக் ஹெப்பார்.
"நம்ம லேஅவுட் காலி மனை மாதிரி."
கையெழுத்துப் போட்டேன். விலகட்டும்.

நான் குடியிருக்கும் கட்டடம் ஏரியின் வாலாக இருந்தது.
பழைய படம் ஒன்று என்னிடம் உண்டு:
கட்டைவிரல் அளவு நீலம்,
அதன் நகத்தின் மேல் என் சமையலறை.
அதனால் ஆக்கிரமிப்பைப் பற்றிப் பேசும்போது
கொஞ்சம் குரல் தாழ்ந்துவிடும்.

திட்டுவதற்கு வைத்திருக்கிறோம், புறம்போக்கு என்ற சொல்லை.
வருவாய்க் கணக்கில் அது
யாரும் விற்க முடியாத நிலம்,
எல்லார் மாடும் மேயலாம்.
மேலே இருப்பதும் அதுதான்.
முந்தி வந்தவன் வேலி போடுகிறான்,
ராத்திரியில் பார்த்தால் வரிசையாய் மினுக்குகிறது.

மாலை ஆறுக்குக் காணொளிக் கூட்டம்.
பதினேழாம் பத்தி, இரண்டாம் வரி:
சுற்றுப்பாதைகளை நியாயமாகப் பகிர வேண்டும்.
இந்த "வேண்டும்" ஆசையா, உத்தரவா?
மூன்று மாதமாய் ஆங்கிலத்தில் அடித்துக்கொள்கிறார்கள்.
என் மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல்.
குழந்தை அதைச் சொல்லித்தான் பால் கேட்கிறது,
கோர்ட்டும் அதைச் சொல்லித்தான் வீட்டைக் காலிசெய்யச் சொல்கிறது.
சொல்லிப் பார்த்தேன். யாரும் குறித்துக்கொள்ளவில்லை.

துவாலுவில் நள்ளிரவு தாண்டிவிட்டது.
செலினா கேட்டாள்:
"எங்கள் தீவை எத்தனை மில்லிமீட்டர் கடல் ஏறியது என்று
உங்கள் கோள்களுக்குத் தெரியும்.
அந்த எண்ணை எங்களுக்கு என்ன விலைக்குத் தருவீர்கள்?"

எண்பது சதுரங்கள், எண்பதிலும் வாய்ப்பூட்டு.
என்னுடையதை நீக்கினேன்.
"இலவசமாக" என்றேன்.
கைப்பேசி உடனே அதிர்ந்தது, இயக்குநர்:
யாரைக் கேட்டுச் சொன்னாய்?

பதில் அடிப்பதற்குள் கீழே லாரி ஹாரன்.
பக்கெட்டுகளோடு இறங்கினால்
குழாயின் வாய் ஏற்கெனவே
சங்கச் செயலாளர் வீட்டுத் தொட்டிக்குள்.
எனக்குத் தெரிந்த கன்னடத்தில் சொன்னேன்:
எல்லரிகூ பேகு, சார்.
அதிலும் ஒரே சொல்தான்.
அவர் குழாயைப் பார்த்தார்,
என்னைப் பார்த்தார்.
தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.