நானூறு சிசி

"இது போதுமா உனக்கு, நீவெஸ்?" என்றான் லிவியோ,
என் தங்கை கணவன்.
ஆயிரத்து இருநூறு சிசியின் மேல் சாய்ந்தபடி,
சொந்தக் கப்பலில் சாய்ந்து நிற்பவன் போல.

போதுமா, போதாதா என்று
வண்டி வாங்கி மூன்று வருடமாகக் கேட்கிறார்கள்.
கடைக்காரன் கேட்டான். பெட்ரோல் போடுகிற பையன் கேட்டான்.
தொப்பி மாட்டாத பாதிரியார்கூடக் கேட்டார்,
அவர் ஓட்டுவது சைக்கிள்.

கடலும் சுண்ணாம்புப் பாறையும் இரு பக்கம் நெருக்க
நடுவில் ஒடுங்கிக்கொண்ட ஊர் ட்ரியெஸ்தே.
காலை ஆறே முக்காலுக்குச் சரிவில் இறங்கி
பதினோரு சிக்னல் தாண்டி
துறைமுகத்துக் காப்பிக் கிடங்குக்குப் போகிறேன்.
பச்சைக் கொட்டையை முகர்ந்து
எந்த மூட்டை புளித்தது என்று சொல்வது என் வேலை.
ஒரு மூட்டை அறுபது கிலோ.
எடை பற்றி யாரும் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

பெரும்பாலும் மூன்றாவது கியர்.
சில நல்ல காலைகளில் நான்கு.
ஆறாவது, வீட்டில் நாங்கள் திறக்காத
விருந்தாளி அறை மாதிரி.
இருக்கிறது என்று தெரியும், அவ்வளவுதான்.

லிவியோவின் வண்டியோ ஊருக்குள்
முதல் கியரிலேயே முனகிக்கொண்டு கிடக்கும்.
இரண்டு தொடைக்கும் நடுவே அடுப்பு.
ஆகஸ்டில் ஒருநாள் கால் சிவக்க வந்து
என்னிடம் தயிர் கேட்டான்.
தின்பதற்கு அல்ல.

பொய் சொல்ல மாட்டேன்.
மே மாதம், வெனிஸ் நெடுஞ்சாலை.
பின்னால் டுஷான், தொண்ணூற்றைந்து கிலோ.
அவன் மடியில் மாமியாருக்கு ஒரு முழுப் பன்றித் தொடை.
லாரியை முந்த வெளியே வந்துவிட்டேன்.
கைப்பிடி கடைசிவரை திரும்பிவிட்டது,
இனித் திருப்ப ஒன்றுமில்லை.
லாரியின் சக்கரங்கள்
எண்ணுகிற மெதுவில் பின்னால் போயின.
ஒன்று.
இரண்டு.
மூன்றாவதில் டுஷான் ஜெபிக்கத் தொடங்கினான்,
கடவுள் இல்லை என்று நாற்பது வருடம் வாதாடியவன்.

அன்று போதவில்லை.
வருடத்தில் அப்படி நான்கு நாள் வரும்.
நான்கு நாளுக்காக மீதி முந்நூற்று அறுபத்தொன்றையும்
உருட்டித் தள்ளிக்கொண்டு திரிவதா
என்று யோசித்தேன்.
யோசித்துக்கொண்டேதான் இருக்கிறேன்.

போதும் என்பது வேடிக்கையான சொல்.
நிறைந்துவிட்டது என்றும் அர்த்தம்,
நிறுத்து என்றும் அர்த்தம்.
ஒரே சொல்லுக்குள் எரிபொருளும் பிரேக்கும்.

பிப்ரவரியில் போரா வந்தது.
மலை உச்சியிலிருந்து கடல் மேல் குதிக்கிற காற்று.
மூலை திரும்புகிறவர்கள்
விளக்குக் கம்பத்தைக் கட்டிக்கொள்வார்கள்,
பழகிய காதலி போல.
கரையோரம் வரிசையாய் நின்ற வண்டிகள்
சீட்டுக்கட்டாய்ச் சரிந்தன.
என்னுடையதும் அவனுடையதும்.

இடுப்பை சீட்டில் ஊன்றினேன், முதுகு வண்டிப் பக்கம்.
ஒரு கை ஹேண்டில்பாரில், ஒரு கை பின் கம்பியில்.
குதிகாலால் பின்னோக்கி மூன்று எட்டு.
நின்றது.
யாரும் கை தட்டவில்லை,
எல்லாரும் தொப்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒரு கை கொடேன்" என்றான் லிவியோ.
கொடுத்தேன்.
இரண்டு கப்பல்கூலிகளும் ஒரு ஆஸ்திரியச் சுற்றுலாக்காரரும்
சேர்ந்து கொடுத்தார்கள்.

இதையும் சொல்லிவிடுகிறேன்:
வீடு திரும்பும்போது, பாலத்தின் மேல்,
காற்று என்னை ஒரு லேன் முழுக்கத் தள்ளியது.
முன்னால் லிவியோ
தண்டவாளத்தில் போகிறவன் போல நேராய்ப் போனான்.
அவன் கனம் அவனைப் பிடித்துக்கொண்டது.
என்னை நான்தான் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

விழுந்ததில் கிளட்ச் லீவர் கொஞ்சம் வளைந்துவிட்டது.
மாற்றினால் முப்பது யூரோ.
தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன்.
இப்போது என் இரண்டு விரல்களுக்கு
அந்த வளைவு எங்கே இருக்கிறது என்று தெரியும்.
நேரான லீவரைத்தான்
இனி புதிதாகப் பழக வேண்டும்.