லோஞ்சு போய்விட்டது

மூதூர் இறங்குதுறையில்
ஐஸ் பெட்டியைத் திறக்கச் சொன்னான் சிப்பாய்.
எருமை நாக்கின் கொப்புளத் தோல் என்பதை
என் பரீட்சைச் சிங்களத்தில் சொல்லத் தெரியவில்லை.
வைரஸ், என்றேன்.
அந்தச் சொல் இருவருக்கும் பொது.
கையை உதறிப் பின்னே போனான்.
மூடி திறந்தபடி வெயிலில்.
நான்கு பேரைக் கூப்பிட்டான்,
நால்வரும் தள்ளி நின்றே பார்த்தார்கள்.

அடுத்த லோஞ்சு மூன்றரைக்கு.
பேராதனையில்
குழாயில் வளர ஒன்றும் மிச்சமில்லை.

ரசூல்தீனின் பட்டிக்குத் திரும்பிப் போனேன்.
"அது செத்துப் போச்சு டொக்டர்,
சுண்ணாம்பு போட்டுத் தாட்டாச்சு.
இந்தா, இது சுகமா நிக்கிது,
இதில எடுங்க."
சுகமான மாட்டில் என்ன எடுப்பது?
இவ்வளவு தூரம் வந்த வெட்கத்தில்
நீளக் கரண்டியைத் தொண்டைக்குள் விட்டுச்
சுரண்டினேன்.

அங்கே இருந்தது.
கொப்புளமில்லை, காய்ச்சலில்லை, நுரையில்லை.
எப்போதோ வந்து
போகாமலே தங்கிவிட்டது.
எருமை அசைபோட்டுக்கொண்டிருந்தது.

இருபத்திரண்டு வருடமாக
நோயில்லாத மாடுகளின் தொண்டைக்குள்தான்
என் உத்தியோகம்.
தம்பலகாமம், ஈச்சிலம்பற்று, வெருகல்;
மூன்று தரம் மிதிபட்டு
ஒரு விரல் இன்னும் மடங்காது.

கருதுகோள் எப்படித் தோன்றியது
என்று மாநாடுகளில் கேட்கிறார்கள்.
நல்ல பதிலொன்று வைத்திருக்கிறேன்,
வரைபடத்தோடு.

மனிதரை அது ஒன்றும் செய்யாது
என்று அந்தச் சிப்பாய்க்கு
நான் சொல்லவேயில்லை.
அன்றிரவு
எத்தனை தரம் கை கழுவினானோ.