சான்று எண் 44

விசாரணை அறையில் சுருக்கெழுத்து என் வேலை.
பத்தொன்பது ஆண்டுகள்
வெர்லின் ஹாக்ஸ்டாட் பேசியதெல்லாம்
என் விரல் வழியேதான் காகிதத்துக்குப் போயிற்று.
இருமலைப் பதியக் கூடாது, அது விதி.
அவர் நிறைய இருமுவார்.

அதற்கு முன் வடக்கு டகோட்டா சட்டமன்றத்தில்
பன்னிரண்டு ஆண்டுகள்.
கோதுமைச் சீமையிலிருந்து
காலரில் ஒரு குட்டி யானையைக் குத்திக்கொண்டு வந்தவர்.
வரியா, வேண்டாம்.
புதிய துறையா, வேண்டாம்.
பள்ளிக்கூடக் கூரைக்குக் கடன் பத்திரமா,
"ஓட்டையை அடை. கூரையை ஏன் மாற்றுகிறாய்?"
வேண்டாம் வெர்லின் என்று எதிரணி பட்டம் கட்டியது.
அதையே அடுத்த தேர்தலில்
தன் பலகையில் எழுதி நட்டார்.
ஜெயித்தார்.

பிறகு ஆணையம். மூன்று நாற்காலி.
"ஆயுள் முழுக்க வலது, உட்கார இடம் இடது ஓரம்."
பதிந்தேன்.
யாரும் சிரிக்காததைப் பதிய வழியில்லை.

காற்றாலை வந்தபோது
நிலக்கரி ஊர்க்காரர்கள் அறையை நிறைத்தார்கள்,
தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு.
தம்மவர் என்று நம்பி வந்தவர்கள்.
அவர் சொன்னது இரண்டே வாக்கியம்:
"நிலம் அவனுடையது என்றால் மேலே வீசுகிற காற்றும் அவனுடையது.
என் கண்ணுக்கு அசிங்கம் என்பது சட்டமில்லை."
அன்று பார்க்கிங்கில்
அவர் வண்டியின் கண்ணாடியைத் துடைப்பதாகச் சொல்லி
யாரோ நிலக்கரித் தூளால் துடைத்திருந்தார்கள்.

உயர் அழுத்தக் கம்பி
மைத்துனன் ஆர்லோவின் வயலைக் கிழித்துக்கொண்டு போன வழக்கில்
விலகிக்கொண்டார்.
நடைவழி பெஞ்சில் சூரியகாந்தி விதை கொறித்து
தோலைத் தன் தொப்பியிலேயே துப்பினார்.
உள்ளே மற்ற இருவரும் ஆம் என்றார்கள்.
ஆர்லோ அவரிடம் பேசுவதில்லை.

பிஸ்மார்க்கில் ஓடுவது மிசூரி.
ஆற்றில் போட்டாலும் அளந்தே போடுகிற ஆள்.
மாதம் பதினொரு டாலர் கூட்டக் கேட்டது கம்பெனி.
மூவாயிரம் பக்கத்தையும் பென்சிலோடு படித்தார்.
ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறாம் பக்கத்தில்
விமானக் கொட்டகை ஒன்று
மின்கம்பங்களுக்கிடையே ஒளிந்திருந்தது.
அடித்தார். அடித்துக்கொண்டே போனார்.
மிஞ்சியது இரண்டு டாலர் பதினொரு சென்ட்.

பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தெட்டு அன்று.
டெல்ஃபின் அஷூர், எல்லைப் பக்கத்துப் பழங்குடி நிலத்திலிருந்து,
இருநூறு மைல்.
பனிக்காலணியைக் கழற்றாமலே மைக்கின் முன் நின்றாள்.
"வெட்டிய எட்டுக்கு நன்றி.
மிச்ச இரண்டை எதிலிருந்து வெட்ட, ரொட்டியிலா, இன்சுலினிலா,
அதையும் பென்சிலால் காட்டுங்கள்."
இரண்டு நோட்டு, ஒரு பத்து சென்ட், ஒரு செப்புக் காசு
மேசையில் வைத்தாள். எடுக்க மறுத்தாள்.
தலைவர் திகைத்து, சான்றாகக் குறிக்கச் சொன்னார்.
எண் நாற்பத்து நான்கு.

ஹாக்ஸ்டாட் கூரையைப் பார்த்தார்.
"உறைபனியிலும் கம்பி நிற்க வேண்டும், அம்மா.
கம்பிக்கு இரக்கம் தெரியாது."
ஆம் என்று வாக்களித்தார்.
நானும் ஆம் என்றே தட்டினேன், நடுவில் வந்த
பதினோரு நொடியை விட்டுவிட்டு.

கட்டணத்தைக் கூட்டியவர், காற்றாடிக்கு விலைபோனவர்
என்று சுவரொட்டி அடித்து
முப்பத்தொரு வயது டேனர் பிரெக்கி
சொந்தக் கட்சித் தேர்தலிலேயே அவரைத் தோற்கடித்தான்.
அறுநூற்றுப் பதினோரு வாக்கு.

கடைசி நாள் ஆவண அறைக்கு வந்தார்.
சான்று நாற்பத்து நான்கைக் கேட்டார்.
உறையைப் பிரித்து
நோட்டு, நோட்டு, பத்து, ஒன்று என்று
ஈரம் தொட்டு எண்ணினார்.
"சரியாக இருக்கிறது."
பதிவேட்டில் தேதி, நேரம், கையெழுத்து.
இயந்திரத்தை நான் ஏற்கெனவே மூடிவிட்டிருந்தேன்.
நடைவழி முடியும்வரை
அவர் இருமிக்கொண்டே போனார்.