இரண்டு அங்குலம்

அக்டோபர் பதினைந்துக்குள்
நாற்பத்தொரு வளாகங்களுக்கும் வரைபடம் போய்ச் சேர வேண்டும்.
லாஸ்பேட்டையில் மருந்துக்கடைக்கு மேல் மாடியில்
மின்விசிறிக்கு நேர்கீழே என் மேசை.
ராத்திரி ஷிப்ட். திரையில் மின்னசோட்டா:
கறுப்புத் தார், வெள்ளைக் கோடு,
எண்ணூற்றுப் பன்னிரண்டு கார்கள் நிற்க இடம்.
இன்னும் விழாத பனியை
எங்கே குவிப்பதென்று நான் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊரில் பனி என்றால்
மார்கழியில் தலைக்கு ஒரு துண்டு, அவ்வளவுதான்.
தள்ளுவதற்கு அதில் ஒன்றுமில்லை.

மூன்று வருடத்தில் கற்றுக்கொண்டேன்.
மேட்டில் குவிக்காதே,
பகலில் உருகி வாசலுக்குக் குறுக்கே ஓடி
ராத்திரி கண்ணாடியாகிவிடும்.
வடிகால் வாயை அடைக்காதே.
சக்கர நாற்காலிக்காரர் இடத்தை ஒருபோதும் புதைக்காதே.
தரை இறுகுமுன் தீயணைப்புக் குழாயருகே
ஆரஞ்சுக் குச்சி நட்டுவிடச் சொல்.
இரண்டு அங்குலம் விழுந்தால் வண்டி புறப்படும்.
கடை திறக்குமுன் நடைபாதையில் உப்பு.
யார் தூவினார், எத்தனை மணிக்கு, எத்தனை மூட்டை,
எல்லாம் பதிவில் இருக்க வேண்டும்.
ஏனென்றால் ஒருத்தி வழுக்கி விழுந்தால்
அவள் வக்கீல் முதலில் கேட்பது
அந்தத் தாளைத்தான்.

ஆகஸ்டில் எழில்வேந்தன் விழுந்தான்.
கடலூர் முதுநகரில், துறைமுகத்து ஐஸ் கம்பெனியில்,
பார் உடைக்கும் மெஷினுக்கும் சரிவுப் பலகைக்கும் நடுவே,
விடியற்காலை மூன்றே முக்காலுக்கு.
மணி எனக்குத் தெரியும்,
என்னோடு பேசிக்கொண்டிருந்தான்.
இடுப்பெலும்பு. ஜிப்மரில் பத்தொன்பது நாள்.
மேஸ்திரி துளசிங்கம் ஆப்பிளோடு வந்தார்.
"ஐஸுன்னா வழுக்கத்தானே செய்யும் தங்கச்சி,
வீட்டுக்காரரு பாத்து நடந்திருக்கணும்."
அன்றைக்குத் தரை யார் துடைத்தது,
பதிவு இருக்கா என்று கேட்டேன்.
"லோடு கணக்கு இருக்கு" என்றார்.

அந்தக் கம்பெனியிலும் உப்பு உண்டு.
தொட்டி நிறைய உப்புத்தண்ணீர்,
அதற்குள் தகரப் பெட்டிகள் இறங்கித்தான்
பார் பாராக உறையும்.
அங்கே உருக்குகிற உப்பு இங்கே உறைய வைக்கிறது.
இதை எழிலிடம் சொன்னேன்.
"அப்ப மரக்காணத்திலேர்ந்து
மின்னசோட்டாவுக்கு ஒரு லாரி விடு" என்று சிரித்தான்,
சிரித்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டது.

இன்று காலை தவளக்குப்பத்தில்
மழைத்தண்ணீர் தேங்கி பஸ் நின்றுவிட்டது.
மடியில் பையை வைத்து
கட்டம் போட்ட தாளில் வரைந்தேன்,
நாற்பத்திரண்டாவது வளாகம்.
வடக்கே தொட்டி. கிழக்கே படகுத்துறை.
தரை எந்தப் பக்கம் வாட்டம் என்று
எழிலுக்குப் போன் போட்டுக் கேட்டேன்.
தூக்கக் குரலில் சொன்னான், மெஷின் பக்கம்.
அங்கே ரப்பர் பாய், பன்னிரண்டு அடி.
உமி, ஷிப்டுக்கு இரண்டு மூட்டை.
பலகையோரம் பிடித்து நடக்கக் கயிறு.
எந்த அளவில் வேலை தொடங்க வேண்டும் என்ற இடத்தில்
பழக்கத்தில் இரண்டு அங்குலம் என்று எழுதிவிட்டு
அடித்தேன்.
ஒரு சொட்டு என்று போட்டேன்.

துளசிங்கம் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு
தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"உமிக்கு யாரும்மா காசு குடுக்கறது?"
கோபமில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டார்.
அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு பையன்
பாரைக் கொக்கியால் இழுத்துப் போனான்,
வெறுங்காலோடு, ஓட்டமும் நடையுமாக.

பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டேன்:
காலை ஏழு பத்து.
பாய் இல்லை. உமி இல்லை.
துளசிங்கம் பார்த்தார்.